ஜூன் ஒன்றாம் தேதிக்காரிகள்

பிப்ரவரி 6, வியாழன்

வங்கியில் இன்று என்னைக் கடன்காரி என்றார்கள். வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. கிளை மேலாளர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "ஸ்கோர் ஐநூத்தி நாப்பதுதான் காட்டுது மேடம். வீட்டுக் கடனுக்கு எழுநூறுக்கு மேல வேணும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். என் ஆயுசில் வாங்கிய கடன் இரண்டுதான். ஒரு கிரெடிட் கார்டு, அப்புறம் அம்மாவுக்காகத் தவணையில் எடுத்த வாஷிங் மெஷின். இரண்டிலும் ஒரு நாள் தாமதமில்லை. பால்காரருக்கு ஐந்து ரூபாய் சில்லறை பாக்கி வைத்தால்கூட எனக்குத் தூக்கம் வராது.

"வேற யாரோடதையோ பாத்துட்டுச் சொல்றீங்க" என்றேன். அவர் என் பான் எண்ணை மறுபடியும் அடித்தார். அதே ஐநூற்று நாற்பதுதான் வந்தது.

கோவையில் கணபதிப் பக்கம் பார்த்த அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. விற்கிற வரதராஜன் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார். மே மாதக் கடைசிக்குள் பத்திரம் முடிய வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது நான் குடியிருக்கும் மாடியையோ வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக ஜூனில் காலி செய்து கேட்கிறார். வாடகைக்குத் தேடி அலுத்துவிட்டேன். போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "எத்தனை பேரு இருப்பீங்க?" நான் மட்டும்தான் என்றவுடனே அந்த வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்ததாகிவிடுகிறது. நாற்பத்தெட்டு வயதில் தனியாக இருப்பவளுக்கு என்ன வியாதி என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை. சொந்த வீடென்றால் இந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது. அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

யாரிடமாவது சொல்லிப் புலம்ப வேண்டும் போலிருந்தது. ஓசூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறானாம். அப்புறம் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 8, சனி

பிரவுசிங் சென்டரில் என் கடன் அறிக்கையைப் பதிவிறக்கி அச்செடுத்து வந்தேன். ஒரு தாளில் முடியும் என்று நினைத்தேன். மிஷின் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.

முதலில் என் கார்டும் வாஷிங் மெஷினும். அதற்குக் கீழே நான் கண்ணால் பார்த்தறியாத கடன்கள். ஒரு ஸ்கூட்டர், ஒரு பிரிட்ஜ், ஒரு செல்போன், மகளிர் குழுக் கடன், கடைசியில் இரண்டு தையல் மிஷின். மற்றவையெல்லாம் கட்டி முடித்திருக்கிறது. தையல் மிஷின் கடனில்தான் சில மாதங்களாகச் சிவப்பு.

பெயர் கலாமணி. தகப்பனார் பழனிச்சாமி. பிறந்த தேதி 1-6-1976. எல்லாம் நானேதான். முகவரி மட்டும் திருப்பூர். யாரோ ஒரு பொம்பளையின் குடித்தனம் முழுக்க என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாவு ஆட்டினேன். ஒரு ஆளுக்குப் போடுகிற அரிசி இந்தக் கிரைண்டரில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்றே தெரியவில்லை. அம்மாவின் போர்வைகளைத் துவைத்துக் காயப் போட்டேன். யாரும் போர்த்தாவிட்டாலும் தூசி படிகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்தேன். "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் பதில் வருமாம்.

நான் வேலை பார்ப்பது கல்லூரியின் தேர்வுப் பிரிவில். மதிப்பெண் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை. என்னைப் போன்ற வயசுக்காரர்களின் பழைய சான்றிதழ்கள் நகலுக்காக வரும்போது பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பிறந்த தேதி எழுதி வைத்த வீடு அபூர்வம். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. ஜூன் ஒன்று என்று எழுதி முடித்துவிடுவார். எனக்கும் அப்படித்தான். ஐப்பசி அடைமழையில் நீ பிறந்தாய் என்று அம்மா சொல்வாள். எந்தத் தேதி என்று அவளுக்கும் தெரியாது. ஐப்பசி என்று தெரிந்த ஆளும் போன வருஷத்தோடு போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பழனிச்சாமிகளுக்கும் பஞ்சமில்லை, கலாமணிகளுக்கும் பஞ்சமில்லை. இரண்டு கலாமணிகளை ஒரே ஆளாக்கக் கம்ப்யூட்டருக்கு இது போதாதா?

பிப்ரவரி 21, வெள்ளி

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன். "கலாமணி மேடமுங்களா?" ஆமாம் என்றேன். "மூணு மாசமா மிஷின் டியூ கட்டாம ஒளிஞ்சுட்டு இருக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?" என்று ஆரம்பித்தான். திருப்பூர் நிதி நிறுவனத்தின் வசூல்காரன், பெயர் சம்பத். அவள் போனை எடுக்காததால் அறிக்கையைத் துழாவி என் எண்ணைப் பிடித்திருக்கிறான்.

நானும் விடவில்லை. நான் யார், எங்கே வேலை பார்க்கிறேன், என் அம்மா எப்போது இறந்தாள் என்பது வரை சொல்லிவிட்டேன். அவன் கடைசியில், "நீங்க அவங்க இல்லீன்னா அவங்ககிட்டயாச்சும் சொல்லுங்க மேடம்" என்றான். போனை வைத்த பிறகுதான் ரசம் ஆறிப்போனதைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் ஒரு ஆளிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. சீ, வசூல்காரனிடம் போய்.

மார்ச் 2, ஞாயிறு

அந்த அறிக்கையை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சரிபார்ப்பதற்காகத்தான்.

பிரிட்ஜ் மே மாதம் எடுத்திருக்கிறாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. ஸ்கூட்டரை நாள் தவறாமல் கட்டியிருக்கிறாள். கொரோனா வருஷத்தில் ஒன்றுமே வாங்கவில்லை, ஆனாலும் குழுக் கடனை விடாமல் கட்டியிருக்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, திருப்பூர்க்காரி கெட்டிக்காரிதான். அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக ஏன் கட்டவில்லை?

சம்பத் தினமும் கூப்பிடுகிறான். நேற்று மட்டும் கூப்பிடவில்லை. போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பதில் வந்துவிட்டது. "கடன் கொடுத்த நிறுவனம் விவரங்களை உறுதி செய்துள்ளது. மாற்றம் தேவையில்லை." நான்தான் அவள் என்று அவர்கள் உறுதி செய்கிறார்கள். நான் யாரென்று எனக்குத் தெரியாதா?

அரை நாள் லீவு போட்டு அந்த நிறுவனத்தின் கோவைக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, "பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி மூணும் ஒண்ணா இருக்கு. நீங்க இல்லைன்னு நாங்க எப்படிச் சொல்றது மேடம்?" என்றார். அவள் பான் கார்டு கொடுக்காமல் வோட்டர் அட்டை கொடுத்து வாங்கியிருக்கிறாள், அதனால்தான் கலந்துவிட்டது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டு என்ன? "இந்தக் கடனெல்லாம் என்னோடது, கோயமுத்தூர் கலாமணிக்குச் சம்பந்தமில்லைன்னு அவங்க கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோட குடுத்தா மாத்திரலாம்" என்றார்.

முகவரிதான் அறிக்கையிலேயே இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

போய் வந்தேன். தலை இன்னும் கொதிக்கிறது.

வரிசையாக ஓட்டு வீடுகள் இருக்கிற ஒரு காம்பவுண்ட். முன்னறையில் இரண்டு தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரையில் பனியன் குவியல். சுற்றி உட்கார்ந்து நாலைந்து பெண்கள் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். டிவி வேறு கத்தியது. மிஷினிலிருந்து ஒருத்தி தலையைத் தூக்கினாள். என்னைவிடக் கறுப்பு, என்னைவிடக் குட்டை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"கலாமணிங்கறவங்க வீடு இதுங்களா?"

"நாந்தானுங். பைனான்ஸுங்களா? அடுத்த வாரம் கட்டறேன்னு சொல்லியாச்சுங்களே."

"நான் பைனான்ஸ் இல்லீங்க. நானும் கலாமணிதான்."

மிஷின் நின்றது. டிவியையும் யாரோ நிறுத்தினார்கள். என் ஆதாரை நீட்டினேன். வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்தாள். "அப்பாரு பேரும் பழனிச்சாமிங்களா? அட கெரகமே! பொறந்த தேதியுமா?" என்று சொல்லிச் சிரித்தாள். "எனக்கு எங்கூரு வாத்தியாரு போட்டுக் குடுத்ததுங் இது. நெசமாப் பொறந்தது மார்கழியில."

"நான் ஐப்பசி" என்றேன். எதற்குச் சொன்னேனோ.

"அப்ப எனக்கு மூத்தவங்க. உக்காருங்க்கா" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் கிரெடிட் கார்டு என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கார்டு உங்களோடதுங்களா? மிஷின் லோனுக்குப் போனப்ப அந்த ஆபீசரு, 'பன்னெண்டு வருசமா கார்டு வெச்சிருக்கறீங்க, ஒரு டியூ தவறலை, நல்ல பார்ட்டிம்மா நீங்க'ன்னாருங். எனக்குக் கார்டுமில்ல ஒண்ணுமில்ல. ஆனா பாருங்க, அது வரைக்கும் எந்த ஆபீசுலயும் என்னைய நல்ல பார்ட்டின்னு சொன்னதில்லீங். ஆமாங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னோட பேரை வெச்சு மிஷின் வாங்கியிருக்கறீங்க!" என்று கத்தினேன்.

"பேரு என்னோடதுந்தானுங்களே" என்றாள். பிசிறு வெட்டுகிறவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையெழுத்து கேட்டேன். முகம் மாறிவிட்டது. சாயப்பட்டறையில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரருக்குக் கையில் அடிபட்டு ஆறு மாதமாக வேலையில்லை. மகள் மோனிஷா நர்சிங் படிக்கிறாள். கடைசி வருஷப் பணம் கட்ட வேண்டும். "இதுல கையெழுத்துப் போட்டா, ஆள் மாறிக் குடுத்துட்டோம்னு மிஷினத் தூக்கிட்டுப் போயிருவாங்க. மே மாசம் ஒரு பெரிய ஆர்டர் பணம் வருதுங். பாக்கி பூராவும் கட்டீட்டு நானே போட்டுத் தாரேன். அது வரைக்கும் விட்டுருங்க்கா."

"மே மாசமுன்னா எனக்கு வீடு போயிரும்."

"எங்களுக்கு இப்பவே போயிருமுங்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாமென்று எழுந்தேன். வாசலில் மோனிஷா தட்டோடு நின்றாள். சாப்பிட்டேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது, அதனால்தான்.

மார்ச் 17, திங்கள்

வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் எழுதினேன். தெரிந்தே தலையாட்டினாள் என்பதையும் சேர்த்து எழுதினேன். நான் பன்னிரண்டு வருஷமாகச் சிக்கனமாக இருந்து சேர்த்த பெயர், ஒருத்தி தலையாட்டியதில் போய்விட்டது. அனுப்பவில்லை. இன்னொரு முறை பிழை பார்க்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கலாம் என்று மறுபடி போனேன். பனியன் லோடு சாயங்காலம் போக வேண்டுமாம், தலை நிமிர அவளுக்கு நேரமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது சங்கடமாக இருந்ததால் ஒரு கத்தரிக்கோலை வாங்கிப் பிசிறு வெட்டினேன். பக்கத்திலிருந்தவள் எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கலாமணி மிஷினிலிருந்தபடியே, "ஏய், அவங்க ஆபீசுல உத்தியோகம் பாக்கறவங்க. சும்மா நொய்யி நொய்யின்னு கேக்காம வேலயப் பாரு" என்று அதட்டினாள்.

கையெழுத்தைப் பற்றிப் பேச நேரம் அமையவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். கலாமணி நூல் வாங்க வெளியே போயிருந்தாள். வரும் வரை காத்திருந்தேன். வந்தபோது இருட்டப் பார்த்தது. இந்த நேரத்தில் எப்படிக் கேட்பது?

ஏப்ரல் 3, வியாழன்

சம்பத் கூப்பிட்டான். "அவங்க நல்லாக் கட்டிட்டிருந்தவங்க தம்பி. வீட்டுக்காரருக்குக் கை சரியில்ல. கொஞ்சம் பொறுங்க" என்றேன். "நீங்க அவங்க இல்லீன்னு சொன்னீங்களே மேடம்?" என்றான். சரியான கேள்விதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடிதத்தை நானே தட்டச்சு செய்து, அவள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று தயார் செய்து வைத்திருந்தேன். திருப்பூரில் இறங்கிய பிறகுதான் அதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அவர்களுக்கு வாங்கிய மிக்சர் பொட்டலத்தை மட்டும் மறக்கவில்லை. வயசாகிறது.

மோனிஷா தன் தேர்வு நுழைவுச் சீட்டைக் காட்டினாள். வழக்கம் போல் பிறந்த தேதியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பிறந்தவளாம், அங்கேயே எழுதிக் கொடுத்தார்களாம். நிஜமான தேதி. சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்கு வருஷப் பிறப்பு என்று பச்சை மாங்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வேப்பம்பூ ஆய்ந்து கொடுத்தேன். அம்மாவுக்கு மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். "உங்கம்மாளுக்கு இனிப்புப் புடிக்குமுங்களா?" என்று கேட்டாள். அம்மாவைப் பற்றி என்னிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஜன்னலோர இருக்கை, யாரும் பார்க்கவில்லை.

கடிதம் பையிலேயே இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைவது தெரிந்தது. சத்தம் பாதியாக இருந்தது. ஒரு மிஷின்தான் ஓடியது. இன்னொன்று இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

கலாமணி எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். நான் கேட்காமல் அவளே எழுதச் சொன்ன கடிதம். மோனிஷாவின் கையெழுத்தில், கீழே கலாமணியின் ஒப்பம். கூடவே ஆதார், வோட்டர் அட்டை நகல்.

"ஒண்ண வித்து பாக்கி பூராவும் கட்டீட்டேனுங். இனி அவங்க வந்து தூக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"மே மாசம் வரைக்கும்னு சொன்னீங்களே? நான் அவசரப்படுத்தலையே?"

"அதானுங்க்கா. வாரா வாரம் வந்து கேக்காமயே போறீங்க. கேட்டிருந்தீங்கன்னா சண்டை கட்டியிருப்பேன். கேக்காத ஆளுகிட்ட நான் என்ன பண்றது?"

நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையில வைங்க. இனி இதுக்காவ நீங்க பஸ் ஏறி அலைய வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் தேடிப் போனதும் இந்தக் கடிதத்தைத்தானே? கைக்கு வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரு கல்யாண வீட்டிலிருந்து பந்தி முடிவதற்குள் எழுப்பி அனுப்பப்பட்ட மாதிரி இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

போகவில்லை. போக ஒரு காரணமும் இல்லை. என் வீட்டுக்காக ஒரு மிஷினை விற்றவளிடம் எந்த முகத்தோடு போய் உட்காருவது? பரணைச் சுத்தம் செய்தேன். உறை இன்னும் பையிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

வரதராஜன் போனில் பொரிந்து தள்ளிவிட்டார். "என்ன மேடம், வாங்கறீங்களா இல்லையா? அந்தப் பார்ட்டி நேத்தும் வந்துட்டுப் போனாங்க." மத்தியானமே அந்த நிதி நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த அதிகாரி, "பரவாயில்லையே, கையெழுத்து வாங்கிட்டீங்களே!" என்றார். ஒரு வாரமாக அது என் பையிலேயே கிடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மே 4, ஞாயிறு

மின்விசிறியைத் துடைத்தேன். பழைய பேப்பரைப் போட்டேன். சம்பத் கூப்பிடுவதில்லை, பாக்கிதான் தீர்ந்துவிட்டதே.

மே 11, ஞாயிறு

காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் பால்காரர் வந்து, "சில்லறை இருக்குதுங்களா?" என்றபோது தொண்டையில் குரல் கட்டிக்கொண்டது.

தனியாக இருக்கிறேன். இதுவரை இந்த நோட்டில் அப்படி எழுதியதில்லை. பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பழகவில்லை. மூன்று தடவை போனை எடுத்துக் கலாமணியின் எண்ணைப் பார்த்தேன். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? வேலை முடிந்த பிறகும் ஒட்டிக்கொண்டு வருகிற ஆளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

மே 18, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

மே 21, புதன்

திருத்திய அறிக்கை வந்துவிட்டது. மதிப்பெண் எழுநூற்று எண்பது. மேலாளர் போனிலேயே வாழ்த்துச் சொன்னார். மற்ற காகிதமெல்லாம் தயாராக இருக்கிறது, வெள்ளிக்கிழமை வாருங்கள், முடித்துவிடலாம் என்றார்.

அச்செடுத்தேன். இந்தத் தடவை மிஷின் சட்டென்று நின்றுவிட்டது. ஒரு கார்டு, ஒரு வாஷிங் மெஷின். தாளில் பாதிக்கு மேல் வெள்ளை. ஸ்கூட்டர் இல்லை, வெயிலில் வாங்கிய பிரிட்ஜ் இல்லை. பிழை ஒன்றுகூட இல்லை. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு நான் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது. ஜெயித்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே 23, வெள்ளி

கடன் கிடைத்துவிட்டது. வீடு எனக்குத்தான். புதன்கிழமை பத்திரப் பதிவு. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கையெழுத்துகளெல்லாம் போட்டு முடித்த பிறகு மேலாளர் ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்க மட்டும் விட்டுட்டீங்க மேடம். உங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர். சொந்தக்காரங்களும் கூட வேலை பாக்கறவங்களும் வேண்டாம். சும்மா ஒரு பார்மாலிட்டிதான், ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு முடிச்சிரலாம்" என்றார். முதல் இடத்தில் கீழ்வீட்டுக்காரரை எழுதினேன். இரண்டாவது இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. யோசித்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்று கல்லூரி, இல்லையென்றால் ஓசூர். மேலாளர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். எனக்கு மானம் போகிறது போலிருந்தது. வங்கிக்கு அது சும்மா ஒரு கட்டம். என்னைத் தெரிந்தவர் என்று ஊரில் இன்னொரு ஆள் பெயர் சொல்ல என்னால் முடியவில்லையே.

கலாமணி, திருப்பூர் என்று எழுதி எண்ணையும் எழுதினேன்.

"மேடம், உங்க பேரையே எழுதியிருக்கீங்க."

"இல்லீங்க. அது வேற ஆள்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அவங்களா? அவங்களாலதானே மேடம் இத்தனை நாள் நம்ம பைல் கிடப்புல கிடந்துது?" என்று சிரித்தார். ஆனால் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு மாதமாகப் போகவில்லை, ஒரு போன் இல்லை. யாரென்று கேட்டால் என்ன செய்வது?

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் மிஷின் சத்தம்.

"வணக்கம்மா, பேங்க்ல இருந்து பேசறோம். கோயமுத்தூர் கலாமணிங்கறவங்களை உங்களுக்குத் தெரியுங்களா?"

அந்தப் பக்கம் மிஷின் நின்றது. நான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் சார்?" என்றது கலாமணியின் குரல். "அக்காவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா? நாலு வாரமா ஆளக் காணமுங். போனடிக்கலாமுன்னா, அவங்க ஆபீசுல இருப்பாங்க, கண்ட நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு புள்ள சொல்லுது. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

மேலாளர் என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. நல்லாருக்காங்க. என் முன்னாலதான் உக்காந்திருக்காங்க."

"அப்ப செரி" என்றாள். பெருமூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. உடனே குரல் உயர்ந்தது. "நல்லாருந்தா வாரதுக்கென்னங்? ஞாயித்துக்கெழமையானா ஒரு ஆளு சோறு மிஞ்சிப் போவுதுன்னு சொல்லுங்க."

மேலாளர் சிரித்தபடி போனை வைத்தார். படிவத்தில் உறவு என்று இருந்த கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு, "என்னன்னு போடட்டும் மேடம்?" என்று கேட்டார். கைக்குட்டையைப் பையில் தேடிக்கொண்டிருந்தேன்.